46 மணி நேரம் அணையாத கேமரா: ‘46 லைவ்’ ஒளிபரப்பு பற்றி

நன்கொடை திரட்டும் தொலைக்காட்சி நிகழ்ச்சி என்றாலே, திரையின் அடியில் ஓடும் தொலைபேசி எண்ணும் நிமிடத்துக்கு நிமிடம் ஏறும் தொகையும்தான் நினைவுக்கு வரும். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பெல்லிசாரியோ தகவல்தொடர்பியல் கல்லூரி மாணவர்கள் தயாரிக்கும் ‘46 லைவ்’ இணைய ஒளிபரப்பை 2025 பிப்ரவரியில் பார்க்க உட்கார்ந்தபோது நானும் அதையே எதிர்பார்த்தேன்.

அவர்கள் ஒளிபரப்புவது ‘மாரத்தான்’ என்ற சொல்லின் வாலைப் பெயராகக் கொண்ட ‘தான்’ என்னும், புற்றுநோயுள்ள பிள்ளைகளுக்காக நிதி திரட்டும் நடன நிகழ்ச்சி. (தமிழில் எழுதினால் அசைச்சொல்லாகிவிடுவது அவர்கள் குற்றமன்று.) 1973இல் 39 ஜோடிகள் 30 மணி நேரம் ஆடி, இரண்டாயிரம் டாலருக்குச் சற்று அதிகமாகத் திரட்டியதில் தொடங்கிய இந்நிகழ்ச்சியில், இன்று நூற்றுக்கணக்கான மாணவர்கள் 46 மணி நேரம் உட்காராமலும் உறங்காமலும் நிற்கிறார்கள். வெள்ளி மாலை 6 மணிக்குத் தொடங்கி ஞாயிறு மாலை 4 மணிக்கு முடியும் என்பதால், இந்திய நேரப்படி சனி அதிகாலை நாலரைக்கு எழவும் திங்கள் அதிகாலை இரண்டரை வரை விழித்திருக்கவும் வேண்டும்.

முழுவதையும் பார்க்க வேண்டியதில்லை. மணிக்கொரு முறை எல்லோரும் சேர்ந்து ஆடும் வரிசை நடனத்தின் பாட்டில் அந்த ஆண்டின் செய்திகளும் வளாகத்துக் கதைகளும் கலந்திருக்கும். வெளியாருக்குப் பாதி புரியாது, பத்தாவது முறை கேட்கும்போது மீதிப் பாதியும் அலுத்துவிடும். நடுராத்திரி மணிகளைத் தயங்காமல் தாண்டிச் செல்லலாம்.

ஆனால் ஞாயிறன்று வரும் கடைசி நான்கு மணி நேரத்தைத் தவறவிடக் கூடாது. பணம் சென்று சேரும் ‘ஃபோர் டைமண்ட்ஸ்’ அறக்கட்டளை, 1972இல் புற்றுநோயால் மகனை இழந்த மில்லார்ட் தம்பதியர் தொடங்கியது. துணிவு, அறிவு, நேர்மை, வலிமை ஆகிய நான்கு வைரங்களைத் தேடும் வீரனைப் பற்றி அச்சிறுவன் எழுதிய கதையே அப்பெயருக்கு மூலம். ஹெர்ஷி நகரின் குழந்தைகள் மருத்துவமனையில் புற்றுநோய்ச் சிகிச்சை பெறும் பிள்ளைகளின் மருத்துவச் செலவில், காப்பீடு ஏற்காத பகுதியை அது ஏற்கிறது. அக்குடும்பங்கள் மேடையேறித் தங்கள் கதையைச் சொல்லும் நேரம் இது. பிழைத்த பிள்ளையின் பெற்றோரும் பேசுகிறார்கள், இழந்தவர்களும் பேசுகிறார்கள். பணத்தின் பெரும்பகுதி மாணவர் அமைப்புகள் ஆண்டு முழுவதும் அலைந்து திரட்டியது என்பதால், இந்த ஒளிபரப்பின் முதல் வேலை கையேந்துவதன்று. கொடுத்தவரிடம் கணக்கை ஒப்படைப்பது. ஆகவே பேசுகிறவரை இடைமறிக்க வேண்டிய நெருக்கடி கேமராவுக்கு இல்லை.

மொத்தத் தொகையைக் கடைசிவரை மூடி வைத்திருப்பது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. ஏறும் எண்ணைக் காட்டி அவசரப்படுத்தும் உத்தி இங்கே கிடையாது. முடிவில் மாணவர்கள் மேடையில் வரிசையாக நின்று, ஆளுக்கொரு இலக்கம் எழுதிய அட்டையைத் தலைக்குமேல் தூக்குகிறார்கள். நான் பார்த்த ஆண்டில் அந்த அட்டைகள் காட்டிய தொகை 1 கோடியே 77 லட்சத்து 37 ஆயிரத்து 40 டாலர், 93 சென்ட். அந்தச் சில்லறைக்கும் இரண்டு பேர் அட்டை பிடித்து நின்றார்கள்.