ஆர்க்கைவ், சைஆர்க்கைவ், எஸ்எஸ்ஆர்என்: திருத்தினால் பழைய பிரதி என்னவாகும்?

ஜர்னலில் வெளிவரும் முன்பே ஆய்வுக்கட்டுரையைப் பொதுவில் வைக்க இயற்பியல், கணிதத் துறையினருக்கு ஆர்க்கைவ் இருக்கிறது. உளவியலுக்கு சைஆர்க்கைவ், நிதியியலுக்கு எஸ்எஸ்ஆர்என். மூன்றிலும் கட்டுரை ஏற்றக் கட்டணம் இல்லை. மூன்றும் டிஓஐ எண் (கட்டுரைக்கான நிலையான இணைய அடையாளம்) தருகின்றன. சக ஆய்வாளர் மதிப்பாய்வு மூன்றிலும் கிடையாது. மேலோட்டமாகப் பார்த்தால் ஒரே சேவைதான். ஆசிரியர் கட்டுரையைத் திருத்தும்போது பழைய பிரதி என்ன ஆகிறது என்று பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும். மேற்கோள் காட்டுபவருக்கும் கணக்கைச் சரிபார்ப்பவருக்கும் அதைவிட முக்கியமானது வேறில்லை. இங்கே தரும் வரிசையும் பெரும்பாலும் அதை வைத்துத்தான்.

அந்த வகையில் ஆர்க்கைவுக்குத்தான் முதலிடம். 1991 ஆகஸ்டில் பால் ஜின்ஸ்பார்க் லாஸ் அலமோஸில் தொடங்கியது. 2001இல் கார்னெல் பல்கலைக்கழகத்துக்கு மாறியது. கட்டுரையின் எண்ணே பாதி விவரம் சொல்லிவிடும்: முதல் இரண்டு இலக்கம் ஆண்டு, அடுத்த இரண்டு மாதம், புள்ளிக்குப் பின் அந்த மாதத்தின் வரிசை எண். திருத்தி ஏற்றினால் வி2, வி3 என்று சேர்ந்துகொண்டே போகும். வி1 அப்படியே இருக்கும். கட்டுரையைத் திரும்பப் பெற்றாலும் 'திரும்பப் பெறப்பட்டது' என்ற குறிப்போடு புதிய பதிப்பு ஒன்று சேருமே தவிர, முந்தையவை அழியாது. பதிப்பு எண் இல்லாத இணைப்பு எப்போதும் கடைசிப் பதிப்புக்கே கூட்டிச்செல்லும் என்பதை மட்டும் கவனிக்க வேண்டும். 'சமன்பாடு 14' என்று மேற்கோள் காட்டிவிட்டுப் பதிப்பு எண்ணை விட்டுவிட்டால், அடுத்த திருத்தத்தில் அது 17 ஆகியிருக்கலாம். ஜர்னலில் வந்தபின் அந்த விவரத்தையும் ஜர்னலின் டிஓஐ-யையும் சேர்க்கப் புதிய பதிப்பு தேவையில்லை. அதற்கென்று தனிப் புலம் இருக்கிறது. இது தெரியாமல் ஒரு வரிக்காக வி4 ஏற்றுபவர்கள் ஏராளம்.

ஏற்றும் வேலை மட்டும் முதல்முறை எரிச்சலூட்டும். புதியவர் என்றால் அந்தத் துறையில் ஏற்கெனவே கட்டுரை போட்ட ஒருவரின் பரிந்துரை தேவைப்படலாம். லேடெக்கில் (சமன்பாடுள்ள கட்டுரைகளைக் கட்டளைகளால் அச்சுக்கோக்கும் மென்பொருள்) எழுதியதென்றால் மூலக்கோப்பையே தர வேண்டும். அதிலிருந்து எடுத்த பிடிஎஃப்பை ஏற்றினால் தளம் கண்டுபிடித்துத் திருப்பிவிடும். வேர்டில் எழுதியவர்களுக்கு பிடிஎஃப் போதும். கோப்புப் பெயரில் இடைவெளி கூடாது. பெரிய எழுத்து, சின்ன எழுத்து வேறுவேறாகவே எடுத்துக்கொள்ளப்படும். உங்கள் கணினியில் சரியாகத் தெரிந்த படம் அங்கே காணாமல் போனால் பெரும்பாலும் இதுதான் காரணம். படங்களில் இபிஎஸ், பிஎன்ஜி என்ற இரு கோப்பு வகைகளையும் கலக்காதீர்கள்: ஒன்று பழைய லேடெக் வழிக்கானது, மற்றது பிடிஎஃப்லேடெக்குக்கானது. நூற்பட்டியலுக்கு பிபிஎல் கோப்பை (லேடெக் உருவாக்கி வைக்கும் தயார்நிலைப் பட்டியல்) கூடவே வைப்பது பாதுகாப்பு. பைபர் என்ற நூற்பட்டியல் கருவி வழியாக உருவாக்கிய பிபிஎல் என்றால், உங்கள் கணினியிலுள்ள டெக் லைவ் (லேடெக் மென்பொருள் தொகுப்பு) ஆண்டும் தளத்தில் தேர்ந்தெடுக்கும் ஆண்டும் பொருந்த வேண்டும். இல்லையென்றால் மேற்கோள் எல்லாம் கேள்விக்குறியாக நிற்கும். அன்றைய தேதியைத் தானாக இடும் கட்டளையை எடுத்துவிட்டு தேதியைக் கையால் எழுதுங்கள். தளம் பிடிஎஃப்பை மீண்டும் உருவாக்க நேர்ந்தால், பழைய கட்டுரையின் தலையில் புதிய தேதி ஏறிவிடும்.

இன்னொன்று, பலருக்குத் தாமதமாகத் தெரியவருவது. ஏற்றிய மூலக்கோப்பை யார் வேண்டுமானாலும் பதிவிறக்கலாம். லேடெக்கில் சதவீதக் குறிக்குப் பின்னால் எழுதுவது அச்சில் வராது; அங்கே நீங்கள் எழுதிவைத்த 'இந்த முடிவு சரியா என்று சந்தேகம்', 'மதிப்பாய்வாளர் இதைக் கேட்கமாட்டார்' போன்ற வரிகளும் அதோடு போகும். ஆர்க்கைவ் லேடெக் கிளீனர் என்ற இலவசக் கருவி இந்தக் குறிப்புகளை நீக்கித் தரும். ஏற்றுவதற்கு முன் ஒருமுறை ஓட்டிவிடுவது நல்லது.

நேரம் பற்றி ஒரு வார்த்தை. அமெரிக்கக் கிழக்கு நேரம் பிற்பகல் 2 மணிக்குள் ஏற்றியவை, மட்டறுப்பாளர் (ஏறும் கட்டுரைகளைப் பார்வையிடுபவர்) நிறுத்திவைக்காவிட்டால், அன்றிரவு 8 மணிக்கு அறிவிக்கப்படும். வெள்ளி, சனி இரவுகளில் அறிவிப்பு கிடையாது. வெள்ளி பிற்பகலுக்குப் பின் ஏற்றினால் திங்கள் இரவுதான். மட்டறுப்பாளர்கள் கட்டுரையை வேறு பிரிவுக்கு மாற்றுவதும் உண்டு. அதற்கு முறையிடலாம், சட்டென்று பதில் வருமென்று எதிர்பார்க்காதீர்கள்.

சைஆர்க்கைவ் 2016இல் வந்தது. உளவியல் அறிவியலை மேம்படுத்த உருவான சங்கம் ஒன்று நடத்துகிறது. அது இயங்கும் தளம் சென்டர் ஃபார் ஓபன் சயின்ஸ் அமைப்பின் ஓஎஸ்எஃப் (ஆய்வுத் திட்டங்களின் கோப்புகளை வைக்கும் சேவை). பழைய பதிப்புகள் இங்கேயும் கிடைக்கும். ஆனால் இதன் பலம் கட்டுரையில் இல்லை, கட்டுரையோடு ஒட்டிவரும் மற்றவற்றில். தரவு, ஆய்வுக் கருவிகள், முன்பதிவு எல்லாம் ஓஎஸ்எஃப்பில் ஒரே இடத்தில் இருக்கும். முன்பதிவு என்றால், கருதுகோளைத் தரவு சேகரிக்கும் முன்பே பதிவு செய்து பூட்டிவிடுவது. மற்றவர் கண்ணில் படாமல் அதிகபட்சம் 4 ஆண்டு மறைத்தும் வைக்கலாம். பதிவிட்டதும் திட்டத்தின் நிர்வாகிகளுக்கு 48 மணி நேரம் இருக்கிறது. அதற்குள் யாராவது ரத்து செய்யாவிட்டால் தானாக உறுதியாகிவிடும். பிறகு திரும்பப் பெற்றாலும் தலைப்பும் பெயர்களும் நிலைத்திருக்கும். வாசகராக இருந்தால் கட்டுரையைப் படிக்கும் முன் இந்த முன்பதிவைத் திறந்து, முதன்மை அளவீடு எது, மாதிரி அளவு எத்தனை என்ற இரண்டை மட்டும் ஒப்பிடுங்கள். கட்டுரையில் 'முதன்மை' என்று வந்தது முன்பதிவில் 'கூடுதல் ஆராய்ச்சி' என்று இருந்தால், பி-மதிப்பை (முடிவு தற்செயலாக வந்திருக்குமா என்று பார்க்கும் புள்ளியியல் அளவு) அதற்குத் தகுந்த சந்தேகத்தோடு படிக்கலாம்.

பெயர் மறைத்த மதிப்பாய்வுக்கு ஓஎஸ்எஃப் தரும் 'பார்வைக்கு மட்டும்' இணைப்பு நல்ல வசதி. ஆனால் அது மறைப்பது தளத்தில் தெரியும் பெயர்களை மட்டும்தான். வேர்ட் கோப்பின் பண்புகளில் இருக்கும் ஆசிரியர் பெயரை அது தொடாது. ஆர் என்ற புள்ளியியல் மொழியில் எழுதிய நிரலின் முதல் வரியில் கோப்புறைப் பாதையோடு உங்கள் பயனர் பெயர் இருந்தால் அதையும் தொடாது. தரவுக் கோப்பில் இதைவிடப் பெரிய ஆபத்து இருக்கிறது. குவால்ட்ரிக்ஸ் என்ற இணையக் கருத்துக்கணிப்புக் கருவியில் பதில்களை அநாமதேயமாக்கும் அமைப்பை இயக்காமல் விட்டால், ஏற்றுமதியாகும் சிஎஸ்வி அட்டவணைக் கோப்பில் ஐபி முகவரி, அட்சரேகை, தீர்க்கரேகை என்று தனித்தனி நெடுவரிசைகளே வரும். அதை அப்படியே பொதுவில் வைப்பது பங்கேற்றவருக்குச் செய்யும் துரோகம். அதே சிஎஸ்வியில் தலைப்புக்குக் கீழே இன்னும் இரண்டு வரி தலைப்பு விவரம் இருக்கும்; நீக்காமல் ஆரில் வாசித்தால் எண்கள் எல்லாம் எழுத்தாகவே ஏறும், சராசரி கேட்டால் எச்சரிக்கையோடு 'மதிப்பு இல்லை' என்றுதான் வரும். இடவசதி போதுமானது: பொதுத் திட்டத்துக்கு 50 ஜிபி, பொதுவில் வைக்காத திட்டத்துக்கு 5 ஜிபி. காணொளி பதிவுகள் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் இடிக்கும்.

எஸ்எஸ்ஆர்என் மூன்றில் கடைசி. 1994இல் தொடங்கியவர்களில் ஒருவர் நிதிப் பொருளியலாளர் மைக்கேல் ஜென்சன். 2016இல் எல்செவியர் வாங்கியது. நிதியியல் துறையின் புழக்கம் முழுக்க இங்கேதான் இருக்கிறது என்பதால் தவிர்க்கவும் முடியாது. குறை, முதலில் சொன்ன இடத்தில்: புதிய பிடிஎஃப் ஏறினால் வாசகர் கண்ணுக்குப் பழையது மறைந்துவிடும். பக்கத்தில் எழுதிய தேதி, பதிவிட்ட தேதி, கடைசியாகத் திருத்திய தேதி மட்டும் நிற்கும். நிதியியல் கட்டுரைகள் பணிக்கட்டுரையாகவே சில ஆண்டுகள் சுற்றுபவை. இடையில் மாதிரிக் காலம் மாறும், கட்டுப்பாட்டு மாறிகள் கூடும், தலைப்பே மாறும். அட்டவணை 4இல் பார்த்த குணகத்தை மேற்கோள் காட்டி எழுதி முடித்தபின் போய்ப் பார்த்தால், அந்த அட்டவணையே இருக்காது. எனவே படித்த அன்றே பிடிஎஃப்பைப் பதிவிறக்கி, கோப்புப் பெயரில் தேதி போட்டு வைத்துக்கொள்ளுங்கள். மேற்கோளிலும் திருத்திய தேதியை எழுதுங்கள். அதே கட்டுரை என்பிஇஆர் என்ற அமெரிக்கப் பொருளியல் ஆய்வு அமைப்பின் பணிக்கட்டுரை வரிசையிலும் வந்திருந்தால் அந்த எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள்.

தரவும் இங்கே எதிர்பார்க்க வேண்டாம். சிஆர்எஸ்பி (பங்கு விலை), கம்ப்யூஸ்டாட் (நிறுவனக் கணக்குகள்) போன்ற தரவுத்தளங்கள் எல்லாம் உரிமம் வாங்கிப் பயன்படுத்துபவை. அதிகபட்சம் நிரல் கிடைக்கும். நிதிப் பொருளியலாளர் கென்னத் ஃபிரெஞ்சின் தளத்திலுள்ள காரணித் தரவு (பங்கு வருவாயை விளக்கப் பயன்படும் தொடர்கள்) இலவசம்தான், ஆனால் ஒவ்வொரு புதுப்பிப்பிலும் பழைய மாதங்களின் எண்ணும் சற்று மாறலாம். ஒரே நிரல், ஒரே காலம், வேறு ஆல்ஃபா (காரணிகளால் விளக்கப்படாத மிச்ச வருவாய்) என்று வந்தால் முதலில் பதிவிறக்கிய தேதிகளை ஒப்பிடுங்கள். எஸ்எஸ்ஆர்என்னின் பதிவிறக்கத் தரவரிசையை தரத்துக்கான அளவாக எடுப்பது அபத்தம். கவர்ச்சியான தலைப்புக்கு அதில் நல்ல விலை.

நிதியியல்காரர்களுக்கு மாற்றுவழி ஒன்று உண்டு. ஆர்க்கைவில் அளவுசார் நிதியியலுக்கு 2008 டிசம்பர் முதலே தனிப் பிரிவு இருக்கிறது. கணிதம் சார்ந்த விலையிடல், இடர் மாதிரிகளுக்கு அது இயல்பான இடம். வாசகருக்காக எஸ்எஸ்ஆர்என்னிலும், பதிப்பு வரலாற்றுக்காக ஆர்க்கைவிலும் வைக்கலாம்; இரண்டையும் ஒரே நாளில் திருத்தும் ஒழுங்கு இருந்தால் மட்டும். ஏற்றும்போது உரிமத் தேர்வை அவசரத்தில் கிளிக் செய்ய வேண்டாம். ஆர்க்கைவில் கொடுத்த உரிமத்தைத் திரும்பப் பெற முடியாது. அனுப்பப்போகும் ஜர்னல் கிரியேட்டிவ் காமன்ஸ் (பிறர் மறுபயன்பாட்டுக்கு அனுமதிக்கும்) உரிமத்தை ஏற்குமா என்று முன்பே பார்த்துவிடுங்கள். உறுதியில்லை என்றால் தளத்தின் சொந்த உரிமமே போதும்.