மாதிரி ரயில் எஞ்சினுக்குப் பொயிலர் செய்யக் கொடுக்கிறவர்கள் கவனிக்க

நிஜமான நீராவியில் ஓடும் சின்ன எஞ்சின் ஒன்றைச் சொந்தமாகச் செய்து வீட்டு முற்றத்தில் ஓட்ட வேண்டும் என்ற ஆசை உங்களுக்கும் இருக்கலாம். பொயிலரை மட்டும் வெளியே கொடுத்துச் செய்விக்கும் யோசனை இருந்தால், காசு கைமாறும் முன் இதைப் படித்துவிடுங்கள். வெள்ளிப் பற்று, அதாவது வெள்ளி கலந்த உலோகத்தை உருக்கி மூட்டுகளை ஒட்டும் பற்று, வைத்துத் தருவதாகப் பேசி முழுக் காசையும் வாங்கிக்கொண்டு, ஈயத்தால் ஒட்டிக் கறுப்புப் பூச்சு அடித்த பொயிலரை ஒரு லேத் பட்டறை என் தலையில் கட்டியது. விஷயம் மத்தியஸ்த சபையில் இருப்பதால் பட்டறையின் பெயரையோ ஊரையோ எழுதப் போவதில்லை. அவர்கள் செய்தது என்ன, அதை எப்படிக் கண்டுபிடிக்கலாம் என்பதை மட்டும் சொல்கிறேன். எம்6 என்ற டீசல் எஞ்சினைப் பற்றரியில் ஓடும் மாதிரியாகச் செய்கிறவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. இது நெருப்பும் தண்ணீரும் அழுத்தமும் சேர்ந்த விஷயம்.

நான் இருப்பது தலவாக்கலைப் பக்கம். நானுஓயாவிலிருந்து நுவரெலியா வழியாக ராகலை வரை ஒரு காலத்தில் குறுகிய ரயில் பாதை ஒன்று ஓடியது. தண்டவாள அகலம் 2 அடி 6 அங்குலம், அதாவது 762 மில்லிமீட்டர். 1903இல் நுவரெலியாவுக்கு வந்து, 1940களில் மூடப்பட்ட பாதை அது. களனிப் பள்ளத்தாக்குப் பாதையும் அதே அகலம்தான், 1990களில் அகலப் பாதையாக மாற்றும் வரை. 762ஐ 24ஆல் வகுத்துப் பாருங்கள், 31.75 வரும். முற்றத்து ரயில்காரர்கள் பாவிக்கும் 32 மில்லிமீட்டர் தண்டவாளத்தில் 1:24 அளவில் நம்முடைய குறுகிய பாதை அச்சாக உட்கார்ந்துவிடுகிறது. இந்தக் கணக்கைப் பார்த்த நாளிலிருந்து எனக்கு வேறு எஞ்சின் செய்ய மனம் வரவில்லை. ஆறு சக்கர டாங்க் எஞ்சின் ஒன்றை வரைந்து, வேலையை ஆரம்பித்தேன்.

சக்கரங்களைத் தாங்கும் சட்டம் முழுக்க என் கை வேலை. 3 மில்லிமீட்டர் இரும்புத் தகடு இரண்டை ஒன்றாக இறுக்கி, அச்சுத் துளைகளை ஒரே தடவையில் துளைத்தேன். சக்கரங்களை இணைக்கும் தண்டுகளுக்கும் அந்தத் துளைகளையே அளவாக வைத்துத் துளைத்தேன். அச்சு இடைவெளியும் தண்டின் இடைவெளியும் மயிரிழை பிசகினாலும் எஞ்சின் ஒவ்வொரு சுற்றிலும் ஓரிடத்தில் பிடிக்கும். வலது பக்கக் கிராங்க் இடது பக்கத்துக்கு 90 பாகை தள்ளி நிற்க வேண்டும், மூன்று அச்சிலும் ஒரே மாதிரி. இதெல்லாம் பொறுமை இருந்தால் வீட்டு மேசையிலேயே செய்யலாம். சக்கரம் கடைய லேத் வேண்டும், பொயிலர் ஒட்டப் பெரிய தீ வேண்டும். இந்த இரண்டுக்கும்தான் பட்டறைக்குப் போனேன்.

சக்கரங்கள் நன்றாகவே வந்தன. அதைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை. வார்ப்பிரும்பில், ஓடும் முகம் லேசாகச் சரிந்து, சக்கரங்களின் உள்முகங்களுக்கு இடையே நான் கேட்ட 28 மில்லிமீட்டர் பிசகாமல் இருந்தது. அந்த வேலையைக் கையில் வைத்துப் பார்த்த எவரும் அடுத்த வேலையையும் அங்கேயே கொடுப்பார்கள். ஆனால் லேத் வேலை வேறு, அழுத்தம் தாங்கும் பற்று வேலை வேறு. ஒன்றில் கெட்டிக்காரர் மற்றதிலும் கெட்டிக்காரர் என்று எண்ண வைத்துத்தான் பொயிலர் ஓடரையும் வாங்கினார்கள்.

பொயிலருக்கு நான் எழுதிக் கொடுத்தது இது: 50 மில்லிமீட்டர் செம்புக் குழாய், நடுவே நெருப்புப் போக ஒரு செம்புக் குழாய், இரண்டு பக்கமும் விளிம்பு மடித்த செம்பு மூடிகள், வால்வுகள் பூட்டும் புஷ் என்ற சிறு வளையங்கள் எல்லாம் வெண்கலத்தில். பித்தளை வேண்டாம் என்று கோடிட்டே எழுதியிருந்தேன். கொதிநீரில் பித்தளையிலிருந்து துத்தநாகம் மெல்ல மெல்லக் கரைந்து, மிஞ்சுவது பொறுபொறுவென்று பலமில்லாத செம்புதான். எல்லா மூட்டும் வெள்ளிப் பற்று. ஓடும் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 40 இறாத்தல், தண்ணீர் நிரப்பி 80 இறாத்தலில் சோதிக்க வேண்டும். பட்டறை முதலாளி வாசித்துப் பார்த்துவிட்டு, "வெள்ளிப் பற்றுன்னா விலை கூடும் தம்பி" என்றார். கூட்டிய விலையைத்தான் கொடுத்தேன்.

இழுத்தடித்து இழுத்தடித்து ஒரு நாள் தந்தார்கள். பளபளவென்று கறுப்புப் பூச்சு. "சோதிச்சீங்களா அண்ணே?" என்று கேட்டதற்கு, "காத்தடிச்சு வாளித் தண்ணிக்குள்ள முக்கிப் பார்த்தோம், 80ல அசையாம நின்னுச்சு" என்று பதில் வந்தது. இதைக் கேட்டதுமே எனக்கு அடிவயிறு கலங்கியது. பொயிலரைக் காற்றடித்து ஒருபோதும் சோதிக்கக் கூடாது. தண்ணீர் அமுங்காது, தண்ணீர் நிரப்பிச் சோதிக்கும்போது மூட்டு விட்டால் கொஞ்சம் பீச்சியடித்து நின்றுவிடும். அமுக்கிய காற்று வெடித்துச் சிதறும். டயர் கடைக் கொம்பிரஸரை வைத்துச் சோதித்தோம் என்று பெருமையாகச் சொல்கிறவருக்கு இந்த வேலை தெரியாது என்று அந்த நிமிடமே தெரிந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து சேஃப்டி வால்வு பூட்டும் புஷ்ஷைச் சுற்றிப் பூச்சைச் சுரண்டினேன். உள்ளே மஞ்சள். வெண்கலமென்று பேசியது பித்தளை. மூட்டு மங்கின சாம்பல் நிறத்தில் இருந்தது. பேனாக் கத்தியின் நுனியை வைத்து அழுத்தினேன், ஆறிய மெழுகில் இறங்குவது போல இறங்கியது. சுருளாக ஒரு சீவல் கழன்று வந்தது. அதை ரேடியோ திருத்தும் பற்றிரும்பின் நுனியில் வைத்தேன். வைத்த மாத்திரத்தில் உருண்டு பளிச்சென்ற துளியாகிவிட்டது. வெள்ளிப் பற்று உருக 600 பாகை செல்சியஸுக்கு மேல் சூடு வேண்டும், செம்பே மங்கிய சிவப்பில் தணலாக வேண்டும். பற்றிரும்பு அதன் கிட்டவும் போகாது. அப்புறம் புஷ் ஓட்டைக்குள் டோர்ச் அடித்துப் பார்த்தேன். மூடியில் மடித்த விளிம்பே இல்லை. வெறும் தட்டை வட்டத் தகட்டைக் குழாய்க்குள் செருகி, ஓரத்தில் ஈயத்தை ஓட விட்டிருந்தார்கள்.

இது ஏன் வெறும் காசுப் பிரச்சினை இல்லை என்பதைச் சொல்ல வேண்டும். 40 இறாத்தல் அழுத்தத்தில் பொயிலருக்குள் இருக்கும் தண்ணீரின் சூடு 140 பாகைக்குச் சற்று மேல். நுவரெலியாவில் திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 94 பாகை அளவில் கொதித்துவிடும். மூடிய பொயிலருக்குள் கதை வேறு. சாதாரண ஈயப் பற்று 183 பாகையில் இளகத் தொடங்கும், அதற்கு வெகு முன்பே அதன் பலம் போய்விடும். தண்ணீர் நடுக்குழாய்க்குக் கீழே இறங்கினால் குழாயும் அதன் நுனி மூட்டும் சில நொடிகளில் அந்தச் சூட்டைத் தாண்டிவிடும். அந்த இடத்தில் மூட்டு விட்டால், உள்ளே இருக்கும் சூடான தண்ணீரில் ஒரு பங்கு அந்தக் கணமே ஆவியாகிப் பல நூறு மடங்கு பெருத்து வெளியே பாயும். குளிர்ந்த நிலையில் அதே ஈய மூட்டு 80 இறாத்தலைத் தாங்கிக் காட்டக்கூடும் என்பதுதான் இதில் மோசமான விஷயம். காற்றடித்த சோதனை மட்டுமல்ல, முறையான தண்ணீர்ச் சோதனையும்கூட இந்த ஏமாற்றைக் காட்டிக்கொடுக்காமல் போகலாம். எங்கள் வீட்டில் எஞ்சின் ஓடும்போது தண்டவாளத்தின் பக்கத்தில் முதல் ஆளாகக் குந்தியிருப்பவள் அக்காவின் மகள். நீராவியைக் கண்டால் முகத்தைக் கிட்டக் கொண்டுபோகிற வயது.

திரும்பிப் போய்க் கேட்டேன். முதலாளி மறுக்கவில்லை. "தம்பி, இது பிள்ளைங்க விளையாடுற சாமான்தானே. பெரிய ரயிலா ஓட்டப் போறீங்க? ஈயமே போதும்" என்றார். அப்படியென்றால் வெள்ளிக்கு ஏன் காசு வாங்கினீர்கள் என்றால் அதற்குப் பதில் இல்லை. பேச்சு முற்றியதும், "சரி, வச்சிட்டுப் போங்க, அதுக்கு மேலேயே வெள்ளி வச்சுத் தாறேன்" என்றார். இதற்கு மட்டும் யாரும் சம்மதிக்கக் கூடாது. ஈயம் பட்ட செம்பில் வெள்ளிப் பற்று ஒழுங்காகப் பிடிக்காது. அந்தச் சூட்டில் ஈயம் செம்பையே அரிக்கும், மூட்டு நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். ஒருமுறை ஈயம் வைத்த பொயிலர் பழைய செம்பு விலைக்குத்தான் பெறும். காசைத் திருப்பித் தரச் சொன்னேன். சாமான் வாங்கிய செலவு, ஆள் கூலி என்று சாக்குச் சொன்னார்கள். பற்றுச்சீட்டு கேட்டபோதெல்லாம் "பிறகு தாறோம்" என்று தள்ளிவிட்டவர்கள், இப்போது வாங்கிய தொகையையே குறைத்துச் சொன்னார்கள். நல்லவேளை, அளவு எழுதிய தாளின் படமும் விலை பேசிய வட்ஸ்அப் செய்திகளும் என்னிடம் இருந்தன. அவற்றோடுதான் மத்தியஸ்த சபைக்குப் போனேன். பாதித் தொகையைத் தவணையில் தர ஒப்புக்கொண்டு கையெழுத்து வைத்தார்கள். முதல் தவணை வந்தது, அடுத்தது இன்னும் வரவில்லை. இப்படியான கொடுக்கல் வாங்கலில் நுகர்வோர் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கும் அழைத்து முறையிடலாம்.

புதுப் பொயிலர் இப்போது ஒரு பிரிட்ஜ் திருத்துபவரிடம் உருவாகிறது. பால் குளிரூட்டும் தாங்கிகளில் செம்புக் குழாய் ஒட்டி ஒட்டிப் பழகிய கை. செம்பு எந்த நிறத்துக்கு வந்ததும் ரொட்டை, அதாவது பற்றுக் கம்பியை, தொட வேண்டும் என்று அவருக்குக் கண்ணே சொல்கிறது. பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கவும் விடுகிறார். நகை ஆசாரிமாரும் இந்த வேலை அறிந்தவர்கள்தான், ஆனால் இந்த அளவு செம்பைச் சூடாக்கும் தீ அவர்களிடம் இருக்காது. பிரிட்ஜ்காரர்கள் வழக்கமாகப் பாவிப்பது செம்பும் பொஸ்பரஸும் கலந்த ரொட். நிலக்கரி எரிக்கும் பொயிலருக்கு அது ஆகாது, கந்தகம் அந்த மூட்டைத் தின்றுவிடும். நான் கேஸில் ஓட்டப்போகிறேன் என்றாலும், 55 வீதம் வெள்ளி உள்ள, கட்மியம் கலக்காத ரொட்டையே வாங்கிக் கொடுத்தேன். கட்மியம் கலந்ததின் புகை நுரையீரலுக்கு விஷம். கொழும்பிலிருந்து எடுப்பிக்க வேண்டியிருந்தது, விலையும் அதிகம். பரவாயில்லை.

எங்கே செய்யக் கொடுத்தாலும் பொயிலரைப் பூச்சு அடிக்காமல், பற்று வைத்துக் கழுவிய கோலத்திலேயே வாங்குங்கள். செம்பு செம்பாகத் தெரிய வேண்டும், ஒவ்வொரு மூட்டையும் சுற்றி வெள்ளிப் பற்று மெல்லிய வளையமாக ஓடியிருக்க வேண்டும். தண்ணீர்ச் சோதனையை உங்கள் கண் முன்னே, அழுத்தம் காட்டும் கேஜைப் பார்த்தபடி செய்யச் சொல்லுங்கள். கடைசித் தொகையை அதற்குப் பிறகு கொடுங்கள். பற்று வைக்கும் நாளில் வரவேண்டாம் என்கிற பட்டறையில் பொயிலர் வேலை கொடுக்காதீர்கள்.

எனக்கு முன்னாலும் சிலருக்குப் பொயிலர் செய்து கொடுத்ததாக அந்த முதலாளி சொன்னார். மெய்யோ பொய்யோ தெரியாது. மெய்யென்றால் அதே மாதிரிக் கறுப்புப் பொயிலர்கள் அட்டன், பண்டாரவளை, பதுளைப் பக்கம் யாராவது வீட்டில் இருக்கலாம். மலையகத்துப் பட்டறை ஒன்றில் செய்த, பூச்சு அடித்த பொயிலர் உங்களிடம் இருந்தால் இனி அதற்கு நெருப்பு மூட்டாதீர்கள். புஷ்ஷின் ஓரத்தில் சுரண்டிப் பாருங்கள். சாம்பல் நிறமாக இருந்து கத்தி இறங்கினால், அல்லது சீவல் பற்றிரும்பில் உருகினால், ஹெக்சோவால் குறுக்கே வெட்டிவிட்டே பழைய செம்புக்காரரிடம் கொடுங்கள். முழுசாகக் கொடுத்தால் வேறொருவர் வாங்கிப் பூட்டிவிடுவார்.