ரைப்ஸ்: பைப்லைன் புரியாதவங்க ஒருதடவை ஓட்டிப் பாருங்க

மூணாவது செமஸ்டர்ல டிஜிட்டல் பிரின்சிபிள்ஸ் அண்ட் கம்ப்யூட்டர் ஆர்கனைசேஷன்னு ஒரு பேப்பர், அண்ணா யுனிவர்சிட்டி சிலபஸ்ல படிக்கிறவங்களுக்குத் தெரியும். கேட், ஃபிளிப் ஃபிளாப் வரைக்கும் எப்படியோ ஓடிருச்சு, நாலாவது யூனிட்ல ப்ராசஸர் வந்ததும் நான் அப்படியே நின்னுட்டேன். ஒரு இன்ஸ்ட்ரக்ஷன், அதாவது ப்ராசஸருக்குக் குடுக்குற ஒரு கட்டளை, அஞ்சு ஸ்டேஜ் தாண்டிப் போகும்: எடுக்கணும், புரிஞ்சுக்கணும், செய்யணும், தேவைப்பட்டா மெமரியத் தொடணும், விடைய எழுதி வைக்கணும். போர்டுல அஞ்சு கட்டம் போட்டு ஃபெட்ச், டீகோட், எக்ஸிகியூட், மெமரி, ரைட்பேக்னு எழுதுவாங்க, நாங்களும் எழுதிக்குவோம், உள்ள என்ன நகருதுன்னு கண்ணால பாக்க வழியே இல்ல. மனப்பாடம் பண்ணித்தான் எழுதுனேன், அரியர் விழுந்துச்சு. ரொம்ப அழுதேன்.

அப்புறம் சீனியர் அக்கா ஒருத்தங்க ரைப்ஸ்னு ஒரு சாஃப்ட்வேர் சொன்னாங்க. காசு கிடையாது, ஓப்பன் சோர்ஸ், விண்டோஸ் லினக்ஸ் ரெண்டுலயும் ஓடும், இன்ஸ்டால் பண்ணாம ப்ரவுசர்லயும் தொறக்கலாம். ரிஸ்க் ஃபைவ்ங்கற ப்ராசஸர் வகையோட கட்டளை மொழில (அசெம்ப்ளி) நாலு வரி எழுதி க்ளாக்கை ஒவ்வொண்ணா தட்டுனா (ஒரு தட்டு ஒரு சைக்கிள்) எந்த இன்ஸ்ட்ரக்ஷன் எந்த ஸ்டேஜ்ல நிக்குதுன்னு படத்துலயே நகருது.

எங்க ஊரு காவேரிப்பட்டணம், மாமா மாங்கூழ் ஃபேக்டரில சீசனுக்கு வேலைக்குப் போவாரு. பெங்களூரா காய் ஒரு பக்கம் கழுவிட்டு இருக்கும்போதே முன்னாடி போன லோடுல கொட்டை எடுத்துட்டு இருப்பாங்க, அதுக்கும் முன்னாடி போனது டின்ல அடைச்சிட்டு இருக்கும், ஒரு லோடு முழுசா முடியட்டும்னு யாரும் காத்துட்டு நிக்க மாட்டாங்க. ரைப்ஸ்ல அஞ்சு இன்ஸ்ட்ரக்ஷன் ஓட விட்டப்ப எனக்கு அதுதான் ஞாபகம் வந்துச்சு. ஒண்ணு முடிஞ்சு ஒண்ணுன்னா 25 சைக்கிள், இப்படிக் காத்திருக்காம அடுத்தடுத்து உள்ள விடுற பைப்லைன்ல 9 சைக்கிள், பரிட்சைக்கு நெட்டுரு போட்ட ஃபார்முலா அப்பதான் உண்மையாவே புரிஞ்சுது.

இதுல எனக்கு ரொம்பப் புடிச்சது ப்ராசஸரை மாத்திக்கலாம்ங்கறது. ஃபார்வேர்டிங்னா ஒரு விடைய எழுதி வைக்குற வரைக்கும் காத்திருக்காம நேரா அடுத்த இன்ஸ்ட்ரக்ஷனுக்குக் குடுக்குறது. அது இல்லாத மாடலை எடுத்துட்டு, ஒரு ஆட் (கூட்டல்) போட்டு அதோட விடைய உடனே அடுத்த சப்ல (கழித்தல்) கேட்டுப் பாருங்க, நடுவுல ரெண்டு சைக்கிள் ஸ்டால்னு காலியா போகும். ஃபார்வேர்டிங் இருக்குற மாடலுக்கு மாத்துனா அந்த ரெண்டும் காணாமப் போயிடும். ஆனா மெமரில இருந்து லோடு பண்ணி அடுத்த வரியிலயே அத யூஸ் பண்ணா, ஃபார்வேர்டிங் இருந்தும் ஒரு சைக்கிள் நின்னே ஆகணும், ஏன்னா டேட்டா மெமரி ஸ்டேஜ் தாண்டித்தான் கைக்கு வரும். இந்தக் கேள்விக்கு நான் முன்னாடி ரெண்டு பக்கம் எழுதி வச்சேன், இப்ப அஞ்சு வரில சொல்லிருவேன்.

கேஷ் பகுதியும் அருமை. கேஷ்னா ப்ராசஸர் பக்கத்துல இருக்குற சின்ன வேகமான மெமரி, தேடுறது அதுலயே கிடைச்சா ஹிட். ஒருதடவைக்கு நாலு வேர்டு (எண்) சேர்த்துக் கொண்டு வர்ற ப்ளாக், அத வைக்க மொத்தம் 32 லைன், ஒவ்வொரு ப்ளாக்குக்கும் ஒரே ஒரு இடம்தான்ங்கற டைரக்ட் மேப்பிங்னு வச்சுட்டு 64க்கு 64 மேட்ரிக்ஸ வரிசை வரிசையா படிச்சேன், நாலுல மூணு ஹிட். அதே மேட்ரிக்ஸ மேல இருந்து கீழ நெடுவரிசை நெடுவரிசையா படிச்சா ஒண்ணு கூட ஹிட் ஆகல! ப்ரோக்ராம் அதே வேலையத்தான் செய்யுது, படிக்கிற வரிசை மட்டும்தான் வேற.

குறைன்னு பாத்தா, என்னோட நோட்ஸ் எல்லாம் மிப்ஸ்ங்கற வேற ப்ராசஸர் வகைல இருந்துச்சு, இது ரிஸ்க் ஃபைவ், அதனால முதல் ரெண்டு நாள் ரிஜிஸ்டர் (ப்ராசஸர் உள்ள எண் வைக்குற இடம்) பேர்லயே குழப்பம். ரெண்டுலயும் 32 ரிஜிஸ்டர்தான், ரெண்டுலயும் முதல் ரிஜிஸ்டர் எப்பவும் ஜீரோதான், அதனால சீக்கிரம் பழகிடும். நம்ம ஐஐடி மெட்ராஸ்ல செய்யுற சக்தி ப்ராசஸரும் ரிஸ்க் ஃபைவ்தான், அதனால கத்துக்கிட்டது வீணாப் போகாது. போன்ல மட்டும் தொறக்காதீங்க, அவ்ளோ பெரிய படம் அந்தச் சின்ன ஸ்க்ரீனுக்குச் சரிப்படாது, லேப்டாப் இல்லாதவங்க லேப் அவர்ல கேட்டுப் பாருங்க. முதல் ரெண்டு யூனிட்டுக்கு இது உதவாது, கேட் சர்க்யூட் போட்டுப் பாக்கணும்னா லாஜிசிம் தனியா எடுத்துக்கணும்.

அரியர் போயிடுச்சு. ஹசார்டுக்குன்னு, அதாவது மேல சொன்ன மாதிரி பைப்லைன்ல சிக்கல் வர்ற இடங்களுக்குன்னு, நான் எழுதுன சின்னச் சின்ன ப்ரோக்ராம் ஆறு இருக்கு, கிருஷ்ணகிரி தர்மபுரி பக்கம் யாராவது இந்தப் பேப்பர்ல மாட்டிட்டு இருந்தா கேளுங்க, அனுப்பி வைக்கிறேன்.