பகல் ஒரு மணிக்கும் கெடாத கிண்ணம் எது?

புத்தாண்டு பிறந்தால் அலுவலகச் சாப்பாட்டு மேசையில் சாதம் குறைந்து காய்கறிக் கிண்ணங்கள் கூடிவிடும். நல்ல வழக்கம்தான். பச்சைக் காய் சாலட், கீனோவா, தினை மூன்றையும் கட்டிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு நான் தினையோடு நின்றுவிட்டேன். நார்ச்சத்து, எண்ணெய்க் குறைவு எல்லாம் மூன்றுக்கும் பொது. நான் பார்த்தது ஒன்றைத்தான்: காலை ஏழு மணிக்கு மூடிய டப்பா, பகல் ஒரு மணிக்கு எப்படி இருக்கிறது?

சாலட் இதில் முதலில் விழுகிறது. உப்புப் பட்டதுமே வெள்ளரியும் தக்காளியும் நீர் விட்டுவிடும். மதியம் கோஸ் துவண்டு அந்தத் தண்ணீரில் கிடக்கும். உப்பையும் எலுமிச்சையையும் தனியாக எடுத்துப்போனால் பாதிக் குறை தீரும். நாலு மணிப் பசி தீராது. முளைகட்டிய பயறைப் பச்சையாகச் சேர்க்க வேண்டாம். முளை வளரும் ஈரச்சூட்டில் கிருமியும் வளரும். ஆவியில் வேகவைத்துச் சேருங்கள்.

கீனோவா பெரு, பொலிவியா மலைநாட்டுத் தானியம். வெளித்தோலில் உள்ள சாப்போனின் கசக்கும் என்பதால் நன்றாகக் கழுவ வேண்டும். விலையும் அதிகம். ஆனால் ஆறினாலும் இறுகாமல் பொலபொலவென்று இருக்கும். இதில் தினை அதன் பக்கத்தில் நிற்க முடியாது. சமைக்காத 100 கிராமில் புரதம் கீனோவாவில் சுமார் 14 கிராம், தினையில் சுமார் 12. தினையில் லைசின் என்ற புரதக் கூறு குறைவு. கூடவே மொச்சை போட்டால் அது ஈடாகிவிடும்.

தை மாதத்தில் பச்சை மொச்சைக்கா பஞ்சம்? அவரை, பரங்கி, சர்க்கரைவள்ளி எல்லாம் சந்தையில் குவிந்திருக்கும் காலம் இது. தினையைக் கல் அரித்து அரை மணி நேரம் ஊறவைத்து, ஒன்றுக்கு இரண்டு பங்கு தண்ணீரில் வேகவையுங்கள். அடுத்ததுதான் முக்கியம். வெந்ததும் பாத்திரத்திலேயே மூடிவைத்தால் ஆவி நீராகி இறங்கி, மதியத்துக்குள் களிபோலக் கட்டிக்கொள்ளும். உடனே தாம்பாளத்தில் பரப்பி, நல்லெண்ணெய் இரண்டு கரண்டி விட்டு, முள்கரண்டியால் கிளறி ஆறவிட வேண்டும். எலுமிச்சை சாதத்துக்குச் செய்யும் அதே பக்குவம். கையில் எடுத்தால் மணி மணியாக உதிர வேண்டும். அப்போதுதான் டப்பாவில் போடலாம்.

மொச்சையையும் காயையும் உப்புப் போட்டு ஆவியில் வேகவைத்து, கடுகு, கறிவேப்பிலை தாளித்து, அதையும் ஆறவிட்டுத் தினையின் ஒரு பக்கமாக வையுங்கள். தேங்காய் கூடவே கூடாது, மதியத்துக்குள் ஊசிப்போகும். அதற்குப் பதில் எள்ளும் வேர்க்கடலையும் வறுத்து, வற்றல் மிளகாய், புளியோடு தண்ணீர் விடாமல் கெட்டியாக அரைத்த துவையல். சாப்பிடும்போது அரை மூடி எலுமிச்சை பிழிந்துகொண்டால் போதும்.

முதல் நாள் இரவே செய்து குளிர்சாதனப் பெட்டியில் வைப்பவர்களுக்கு இதைச் சொல்ல மாட்டேன். குளிரில் தினை விறைத்துவிடும், சூடுபடுத்தினால்தான் இளகும். அலுவலகத்தில் அந்த வசதி இல்லையென்றால் கீனோவாவே மேல். நான் கட்டிப் பார்த்ததும் மார்கழி, தைக் குளிரில்தான். சித்திரை வெயிலில் ஆறு மணி நேரம் தாங்கும் என்று உறுதி சொல்ல முடியாது. அப்போது மொச்சையைத் தனி டப்பாவில் கொண்டுபோய், முதலில் முகர்ந்து பார்த்துவிட்டுச் சாப்பிடுவேன்.