இம்ஜ்பர்ன்: பாட்டு சிடி எழுத இன்றும் இதுதான்

2013இல் வந்த 2.5.8.0 பதிப்போடு நின்றுபோன இலவச விண்டோஸ் மென்பொருள். முகப்பு பழசு, ஆனால் வேலை சுத்தம்.

டூல்ஸ் மெனுவில் கியூ கோப்பு (வட்டில் பாடல்கள் வரும் வரிசையைச் சொல்லும் பட்டியல்) உருவாக்கும் சாளரத்தைத் திறந்து பாடல்களை வரிசையாக இழுத்துப் போட வேண்டும். கச்சேரிப் பதிவா? ராகம் தானம் பல்லவியின் நடுவே இரண்டு நொடி மௌனம் விழுந்தால் கேட்கவே முடியாது. பாடலுக்கு முன் விழும் இடைவெளியான ப்ரீகேப்பை 00:00:00 ஆக்குங்கள். பாடல் பெயர்களை, பிளேயர் திரையில் தெரியும் சிடி-டெக்ஸ்டாகவும் சேர்க்கலாம்.

மூலம் 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட் வேவ் கோப்பாக இருப்பது உத்தமம். எம்பி3யிலிருந்து எழுதினால் இழந்த ஒலி திரும்பாது. ஃப்ளாக் (தரம் குறையாமல் சுருக்கிய ஒலிக் கோப்பு) படிக்க டைரக்ட்ஷோ ஃபில்டர் என்ற துணை மென்பொருளைத் தனியாகப் போட வேண்டும். பலர் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

52எக்ஸ் வேகம் வரை தாங்கும் வட்டையும் 16எக்ஸில் எழுதுங்கள். உச்ச வேகத்தில் வெளி விளிம்பில் பிழைகள் கூடி, கடைசிப் பாடல்கள் பழைய கார் பிளேயரில் திக்கும். 80 நிமிடத்தைத் தாண்டாதீர்கள்.

குறைகள் இரண்டு. நிறுவும்போது வேறு மென்பொருளையும் தள்ளப் பார்க்கும், ஒவ்வொரு டிக்கையும் கவனித்து எடுத்துவிடுங்கள். ஆடியோ சிடியைச் சரிபார்க்கும் வசதியும் கிடையாது. எக்ஸாக்ட் ஆடியோ காப்பி என்ற, சிடியிலிருந்து பாடலை எடுக்கும் மென்பொருளில் திரும்பப் படித்து, மூல வேவ் கோப்போடு ஒப்பிடலாம்.