200 ஆம்ப் மிக் மெஷின்: பக்கக் கதவைத் திறந்து பார்த்து வாங்குங்கள்

மிக் மெஷின், அதாவது வயர் தானாக வந்துகொண்டே இருக்கும் வெல்டிங் மெஷின், வாங்கப் போனால் எத்தனை ஆம்ப் என்றுதான் எல்லாரும் முதலில் கேட்கிறார்கள், கடைக்காரரும் அதைச் சொல்லியே விற்கிறார். கேட், கிரில் வேலைக்கு 16 கேஜ் ஸ்கொயர் பைப் ஒட்ட எந்த 200 ஆம்ப் மெஷினும் தாராளமாகப் போதும். நல்லது எது, சுமார் எது என்று காட்டிக்கொடுப்பது பக்கக் கதவுக்குள் இருந்து வயரைத் தள்ளிக்கொடுக்கும் வயர் ஃபீடர்தான்.

எங்கள் பட்டறையில் இப்போது ஓடும் சிங்கிள் ஃபேஸ் இன்வெர்ட்டர் மெஷினில் அந்த இடம் நன்றாகவே இருக்கிறது. ரோலர் அழுத்தும் கை இரும்பில் செய்தது, டென்ஷன் திருகில் 1 முதல் 5 வரை எண் போட்டிருக்கிறார்கள், 5 கிலோ ஸ்பூல் (வயர் சுற்றிய உருளை) உள்ளேயே உட்கார்ந்துவிடும். ரோலரின் ஒரு பக்கம் 0.6 மி.மீ. வயருக்கு, மறுபக்கம் 0.8 மி.மீ. வயருக்கு. உள்ளே பொடி வைத்த பிளக்ஸ் வயர் ஓட்டப் பல் வெட்டிய ரோலர் வேண்டும், அதைத் தனியாகத்தான் வாங்க வேண்டியிருந்தது.

கூட வந்த புத்தகத்தில் வயர் ஏற்றுவது பற்றி ஒரு படம்தான் இருக்கிறது, அது யாருக்கும் போதாது. ஸ்பூலைப் பிரிக்கும்போது வயர் நுனியைக் கையிலிருந்து விடவே கூடாது, விட்டால் மொத்தமும் ஸ்பிரிங் மாதிரி அவிழ்ந்துவிடும். வளைந்த நுனியை வெட்டி, பிசிறை அரத்தால் தேய்த்து, டார்ச் (கையில் பிடித்து ஒட்டும் துப்பாக்கி) கேபிளை நேராக நீட்டிப் போட்டு, அதன் முனையில் வயர் வெளியே வரும் டிப்பைக் கழற்றிவிட்டு ஓட்டினால் வயர் எங்கும் இடிக்காமல் வெளியே வந்துவிடும். கரண்ட் இல்லாமல் வயரை மட்டும் ஓட்டும் இன்ச்சிங் பட்டன் இல்லாதது எனக்குப் பெரிய குறை. டிரிகரைத்தான் அழுத்த வேண்டும், அப்போது வயரில் கரண்ட் இருக்கும், அதனால் எர்த் கிளாம்பைத் தள்ளி வையுங்கள், டார்ச்சை முகத்துக்கு நேராகப் பிடிக்காதீர்கள்.

அப்புறம் டென்ஷன். இரண்டு இடத்தில் பார்க்க வேண்டும். ஸ்பூல் நடுவில் இருக்கும் நட், டிரிகரை விட்டதும் ஸ்பூல் அதோடு நிற்கிற அளவுக்கு இறுகினால் போதும். லூசாக இருந்தால் வயர் சுற்று சுற்றாகச் சரிந்து பாடியில் உரசும், ரொம்ப இறுக்கினால் மோட்டார் திணறி ஆர்க் விட்டு விட்டு எரியும். ரோலர் டென்ஷனுக்கு, ஒரு காய்ந்த மரப்பலகைக்கு இரண்டு அங்குலம் தள்ளி டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து டிரிகர் அழுத்துங்கள். வயர் பலகையில் முட்டி நிற்காமல் வளைந்து சுருள வேண்டும், வழியில் எங்காவது அடைத்துக்கொண்டால் மட்டும் ரோலர் வழுக்க வேண்டும். இந்த மெஷினில் 0.8 செம்பு பூசிய வயருக்கு 2-க்கும் 3-க்கும் நடுவில் சரியாக இருக்கிறது.

வயர் திணறினால் உடனே திருகை இறுக்குகிறார்கள், நிறையப் பட்டறையில் இதைப் பார்க்கிறேன். தயவுசெய்து வேண்டாம். பெரும்பாலும் கேபிளுக்குள் வயர் போகும் குழாயான லைனரில் தூசி அடைத்திருக்கும், அல்லது டிப் தேய்ந்திருக்கும். இறுக்க இறுக்க ரோலர் வயரைச் சுரண்டும், அந்தச் செம்புத் தூளும் லைனருக்குள்ளேயே போய் இன்னும் அடைக்கும். கடைசியில் டிப்பில் வயர் மாட்டும்போது வழுக்க வேண்டிய ரோலர் வழுக்காமல் தள்ளிக்கொண்டே இருந்து, ரோலருக்கும் லைனர் வாய்க்கும் நடுவில் வயர் கொத்தாகச் சிக்கிவிடும். பிளக்ஸ் வயர் உள்ளே பொடி நிரம்பிய குழாய் என்பதால் அதை அதிகம் அழுத்தினால் நசுங்கியே போகும்.

ஸ்பூல் மாற்றும்போதெல்லாம் லைனரைக் காற்றடித்துச் சுத்தம் செய்தால் இந்த ஃபீடர் எந்தத் தொந்தரவும் தருவதில்லை. சின்னப் பட்டறைக்கு தைரியமாக வாங்கலாம். நாள் முழுக்க வெல்டிங் ஓடுகிற இடமென்றால் 15 கிலோ ஸ்பூல் ஏறும், நான்கு ரோலர் வைத்த மெஷினாகப் பாருங்கள்.