பிளையை எண்ணுவதற்கு முன் பிளேடின் ஓரத்தைப் பாருங்கள்

டேபிள் டென்னிஸ் பிளேடு, அதாவது மட்டையில் ரப்பர் ஒட்டும் மரப் பலகை, வாங்கப் போனால் கடைக்காரர் முதலில் கேட்பது "5 பிளையா, 7 பிளையா, கார்பனா?" என்றுதான். பிளை என்பது பிளேடில் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டியிருக்கும் மர அடுக்கு. காட்பாடிப் பக்கம் ஒரு ஹாலில் இந்த மூன்றையும் வருஷக்கணக்காக மாற்றி மாற்றி ஆடிவருகிறேன். எத்தனை பிளை என்பதைவிட, எந்த மரம் எந்த இடத்தில் இருக்கிறது என்பதுதான் கைக்குத் தெரிகிறது.

ரப்பரைக் கழற்றிவிட்டு ஓரத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். என் 5 பிளையில் நடுவில் தடிமனாக அயூஸ் மரம், அதற்கு இரு பக்கமும் மெல்லிய ஸ்ப்ரூஸ், வெளியே லிம்பா. நடு மரத்துக்கும் வெளி மரத்துக்கும் நார் கைப்பிடியை நோக்கி நீளவாக்கில் ஓடும். இடையில் இருக்கும் ஸ்ப்ரூஸைக் குறுக்காக ஒட்டியிருப்பார்கள். மரம் ஈரம் குடித்து உப்புவதும் காய்ந்து சுருங்குவதும் பெரும்பாலும் நாருக்குக் குறுக்கேதான். அதை இந்தக் குறுக்கு பிளை இழுத்துப் பிடித்துவிடும். பேனா பிடிப்பதுபோல் மட்டையைப் பிடிக்கும் ஜப்பான் பென்ஹோல்டு ஆட்டக்காரர்கள் வைத்திருக்கும் ஒற்றைத் துண்டு ஹினோக்கி மரப் பிளேடு 9, 10 மில்லிமீட்டர் வரை தடிமனாக இருந்தாலும் அதற்கு இந்தப் பிடிமானம் கிடையாது, நாரோடு விரிசல் விடும் பயம் உண்டு. கத்திரியில் 40 டிகிரியைத் தாண்டிக் காய்ந்து, ஐப்பசியில் சுவரே நனையும் நம்ம ஊருக்கு அது தோதுப்படாது.

அடுத்தது கொஞ்சம் கணக்கு. ஒரே மரம் என்றால், பலகையின் விறைப்பு அதன் தடிமனின் மும்மடிக்கு (தடிமன் × தடிமன் × தடிமன்) ஏற்ப ஏறும். என் 5 பிளை 5.5 மில்லிமீட்டர், 7 பிளை 6.5. வித்தியாசம் ஒரே ஒரு மில்லிமீட்டர்தான், ஆனால் விறைப்பு ஒன்றரை மடங்குக்கு மேல். இன்னொன்றும் இருக்கிறது. 5.5 மில்லிமீட்டரில் நடு மரம் மட்டும் 3 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாதிக்கு மேல் இடத்தை அதுவே அடைத்துக்கொண்டாலும், அதே கணக்கில் வளையாமல் தாங்கும் வேலையில் அதன் பங்கு ஆறில் ஒன்றுதான். மிச்சத்தையெல்லாம் வெளியே இருப்பவைதான் சுமக்கின்றன. வெளி மரம் லிம்பாவா கோட்டோவா என்பதற்கு ஆட்டக்காரர்கள் மணிக்கணக்கில் சண்டை போடுவது இதனால்தான். லிம்பா மெத்து, பந்து ஒரு கணம் தங்கிப் போவதுபோல் இருக்கும். கோட்டோ கடினம், தொட்டதும் விட்டுவிடும்.

5 பிளையின் அருமை கட் பந்தைத் தூக்கும்போது தெரியும். தாழ்வாக, கனமான பேக்ஸ்பின்னோடு (பின்னோக்கிய சுழற்சியோடு) வரும் பந்தை மெதுவாக உரசி, முன்னோக்கிச் சுழலவிட்டு லூப் போட்டால் பிளேடு சற்று வளைந்து கொடுக்கிறது, பந்து வலையைத் தாண்டிக் குனிந்து இறங்குகிறது. டேபிளை விட்டுப் பின்னால் தள்ளப்பட்டால்தான் கஷ்டம், முழுத் தோளையும் போட்டு அடிக்க வேண்டும். 7 பிளையில் பிளாக், அதாவது அடியைத் தடுத்துத் திருப்புவது, அருமை. எதிராளி வெறித்தனமாக அடித்தாலும் பிளேடு அதிராமல் நிற்கும், ஸ்மாஷ் நேர்கோட்டில் பாயும். ஆனால் சர்வீஸைக் குட்டையாகத் திருப்பி வைக்கப் பார்த்தால் பந்து ஒரு விரற்கடை உயரம் கூடுதலாக எழும்புகிறது. ஃபோர்ஹேண்டுக்குக் காத்திருப்பவனுக்கு அது போதும்.

கார்பன் என்றதும் பலர் பிளேடே கார்பனால் ஆனது என்று நினைக்கிறார்கள். அப்படிச் செய்ய முடியாது. சர்வதேச விதிப்படி தடிமனில் 85 சதவீதமாவது இயற்கை மரமாக இருக்க வேண்டும், மர அடுக்குகளுக்கு இடையே ஒட்டும் கார்பன் போன்ற ஒரு நார்ப் படலம் 0.35 மில்லிமீட்டரையோ மொத்தத் தடிமனில் 7.5 சதவீதத்தையோ, இரண்டில் எது குறைவோ அதைத் தாண்டக்கூடாது. காகிதம்போல் அவ்வளவு மெல்லிய படலம் ஆட்டத்தையே மாற்றுகிறது என்றால், அதற்கும் அது இருக்கும் இடம்தான் காரணம். பட்டர்ஃப்ளை நிறுவனத்தின் விஸ்காரியா பிளேடில் கோட்டோவுக்கு நேர் கீழே அரிலேட்-கார்பன் நார், பிறகு லிம்பா, நடுவில் கிரி மரம். நார் வெளியோரம் இருப்பதால் லேசாகத் தொட்டாலே வேலை செய்கிறது. அதே நிறுவனத்தின் இன்னர்ஃபோர்ஸ் வகையில் நார் நடு மரத்தை ஒட்டி உள்ளே போய்விடும். மெதுவாக ஆடும்போது வெறும் மரப் பிளேடுபோல இருக்கும், ஓங்கி அடித்தால்தான் வேகம் வரும். ஒரே நார், இரண்டு குணம். கார்பன் ஆசை தீராதவர்கள் முதலில் இந்த உள்-நார் வகையைக் கடன் வாங்கி ஆடிப் பார்க்கலாம்.

2014இல் செல்லுலாய்டு போய் பிளாஸ்டிக் பந்து வந்ததும், ஸ்பின் குறைந்தது என்று எங்கள் ஹாலில் பாதிப் பேர் கார்பனுக்குத் தாவினார்கள். ரயில்வேயில் ரிட்டையரான அண்ணன் ஒருவர் மட்டும் தன் பழைய 5 பிளையை விடவில்லை. "வேகமா போறது பெரிசில்லப்பா, டேபிள்ல உழணும்" என்பார். இன்றைக்கும் அவரிடம் மூன்று செட்டில் தோற்றுப் போகும் கல்லூரிப் பையன்கள் இருக்கிறார்கள், கையில் பத்தாயிரத்தைத் தாண்டும் பிளேடு வைத்துக்கொண்டு.

பராமரிப்பு பற்றிக் கொஞ்சம். காற்றில் பந்து அலையும் என்று ஃபேனை நிறுத்திவிட்டு ஆடுகிறோம். ஒரு மேட்ச் முடிவதற்குள் வியர்வை மணிக்கட்டு வழியே இறங்கி, கைப்பிடியும் பிளேடும் சேரும் கழுத்தில் ஊறிவிடும். என் 5 பிளையில் அந்த இடம் காப்பிப்பொடி நிறத்துக்குக் கறுத்திருக்கிறது. பைக்குள் போடும் முன் துடைத்து, கொஞ்ச நேரம் நிழலில் வைத்தால் போதும். வெயிலில் வைக்கவே கூடாது, மதிய நேரத்தில் வண்டி டிக்கியிலும் வேண்டாம். லிம்பாவில் ரப்பரை வெடுக்கென்று பிய்த்தால் பசையோடு மரச் சிம்பும் வந்துவிடும். ஒரு மூலையில் ஆரம்பித்துப் பக்கவாட்டில் நிதானமாக உரிக்க வேண்டும். புதுப் பிளேடுக்கு முதல் ரப்பர் ஒட்டும் முன்பே மெல்லிய வார்னிஷ் ஒரு கை பூசிவிட்டால் தொல்லை குறையும். கனமாகப் பூசினால் வெளி மரத்தின் மென்மையே போய்விடும்.

வாரத்துக்கு இரண்டு நாள் ஆடுகிறவர், ஃபோர்ஹேண்ட் இன்னும் கைக்கு அடங்காதவர் என்றால் 85 கிராம் அளவில் ஒரு 5 பிளை வாங்கிக்கொண்டு மீதிப் பணத்தை ரப்பரில் போடுங்கள். டேபிளை ஒட்டி நின்று பிளாக்கும் ஸ்மாஷுமாக ஆடுகிறவருக்கு 7 பிளை. என்னிடம் மூன்றும் இருக்கின்றன. பயிற்சிக்கு 5 பிளை, டபுள்ஸுக்கு 7 பிளை. கார்பனில் வேகம் குறைந்த ரப்பர் ஒட்டி வைத்திருக்கிறேன், பையன் கேட்கும்போது கொடுக்கிறேன்.